குவாசருக்கு ஒரு நன்றிப் பூசை

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்கும். நர்ஸ். டீச்சர். பேங்க். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ். ஆண்பிள்ளைகள் என்றால் இன்னும் சுலபம்: கப்பல். அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். என் அம்மாவுக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தை வாய்க்கவில்லை.

பாவம், அவள் முயற்சி செய்யாமல் இல்லை. முதலில் "ஆராய்ச்சி" என்று சொல்லிப் பார்த்தாள். "இன்னுமா படிக்கா?" என்று கேட்டார்கள். எனக்குத் தலையில் நாலு நரை விழுந்திருந்த நேரம் அது. பிறகு "நட்சத்திரம் பாக்கா" என்றாள். கேட்டவர் தன் மகனுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று விசாரித்தார். கடைசியில், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சானபோது, துணிந்து "ராக்கெட்" என்று சொல்லிவிட்டாள். அது நன்றாகத்தான் எடுபட்டது. ஒரு மாதம் கழித்து நான் விடுமுறைக்கு வந்தபோது மேசையின் மேல் ஒரு கட்டு பயோடேட்டா இருந்தது. எல்லாம் தெருப் பையன்களுடையவை. அவர்களுக்கு ராக்கெட்டில் ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

நான் பார்ப்பது வானக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை எடுக்க வருகிறவர்கள் வீடு விடாமல் கதவைத் தட்டுகிறார்கள் அல்லவா, அதுபோல ஒரு தொலைநோக்கி வானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டே போகும். அந்தப் படங்களில் வெகுதூரத்துக் குவாசர்களைத் தேடுவது எங்கள் குழுவின் வேலை. ஒரு பெரிய கேலக்ஸியின் நடுவில் கருந்துளை ஒன்று உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள வாயுவை அள்ளி விழுங்கும். விழுங்கப்படும் வாயு சூடேறி, அந்தக் கேலக்ஸியையே மங்கடிக்கும் அளவுக்கு வெளிச்சம் போடும். அதுதான் குவாசர். நாங்கள் தேடும் குவாசர்களின் வெளிச்சம் புறப்பட்டபோது பிரபஞ்சம் பச்சைப் பிள்ளை. பூமி உருவாகவே இல்லை. இதை எந்த ஒரு வார்த்தைக்குள் அடைப்பது என்று எனக்கே தெரியாதபோது அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று தூத்துக்குடிக்கு வந்தவள், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டதால், அப்படியே சில மாதங்கள் தங்கிவிட்டேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எனக்கு. மறுபாதி அம்மாவுக்கு. அவள் நெத்திலி ஆய்வாள், நான் படங்களை ஆய்வேன்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். கம்ப்யூட்டர் பெரும்பாலானதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை எங்கள் தலையில் கட்டும். அதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் தள்ள வேண்டும். குறுக்கே ஓடிய செயற்கைக்கோளின் கோடு, படத்தின் ஓரத்தில் விழுந்த கறை, கருவிக்குள் தானாகவே தோன்றிய புள்ளி, இப்படித் தொண்ணூறு சதம் குப்பை. அம்மா தட்டில் கிடக்கும் பொடி நண்டையும் பாசியையும் பொறுக்கி எறிவாள். நான் செயற்கைக்கோளை எறிவேன். அவள் வேலை முடிந்தால் குழம்பு கிடைத்தது. என் வேலை முடிந்தால் மறுநாள் இன்னொரு கட்டுப் படம் வந்தது. இதைத் தினமும் ஒருமுறை சொல்லிக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. நாங்கள் கண்டதை உறுதி செய்யும் பெரிய தொலைநோக்கி தென்னமெரிக்காவில் ஒரு மலைமேல் இருக்கிறது. அங்கே இரவு என்றால் நமக்குப் பகல். ஆகவே நான் வானத்தைப் பார்ப்பதெல்லாம் காலை இட்லிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடையில்தான். நட்சத்திரம் பார்க்கிறவள் மொட்டைமாடிக்குக்கூட ஏறாமல், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பட்டப்பகலில் வேலை செய்வது அவளுக்கு ஏதோ ஏமாற்று வேலை போலவே பட்டது. தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைப்பாள்.

தூரத்துக் குவாசரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவளுக்கு விளக்க அப்பாவின் கண்தான் உதவியது. கப்பலிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் அப்பா. புரை முற்றிய கண்ணுக்கு நீலம் எட்டாது. எல்லாம் பழுத்த மஞ்சளாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று மாடிக்குப் போய், கடல் இவ்வளவு நீலமாகவா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆயுள் முழுக்க அதன் மேலேயே கிடந்த மனிதர்.

வெகுதூரத்து வெளிச்சமும் அப்படித்தான் என்று சொன்னேன். வரும் வழியில் நீலப் பக்கமெல்லாம் இடையில் உள்ள வாயுவில் அடிபட்டுப் போகும். மிஞ்சியதும் நீண்டு சிவந்து போகும். ஆகையால் நாங்கள் ஒரே இடத்தைப் பல வண்ணக் கண்ணாடிகள் வழியே படம் எடுப்போம். மற்ற எல்லாப் படத்திலும் ஒன்றுமே இல்லாமல், கடைசிச் சிவப்புப் படத்தில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால், அது வெகுதூரத்துக் குவாசராக இருக்கலாம். அம்மா கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்து, அப்படியென்றால் எதுவும் தெரியாத படங்களைப் பார்ப்பதற்குத்தான் உனக்குச் சம்பளமா என்றாள்.

அந்தக் குவாசர்கள் குடியிருக்கும் கேலக்ஸிகள் பற்றியும் சொன்னேன். பிரபஞ்சம் பிறந்து கொஞ்ச காலத்துக்குள்ளேயே அவை எப்படி அவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்பது இன்னும் யாருக்கும் சரியாகப் புரியாத விஷயம். தவழும் வயதில் மீசை முளைத்த மாதிரி. அம்மா அதற்கு அசரவில்லை. எதிர்வீட்டு அத்தையின் பேரன் ஆறாம் வகுப்பிலேயே அப்படித்தான் இருக்கிறான், எல்லாம் பிராய்லர் கோழி என்றாள்.

உறுதியாகாத புள்ளிகளை எங்கள் துறையில் வேட்பாளர் என்று சொல்வோம். அந்தச் சொல் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. சமையலறையிலிருந்தே, இன்றைக்கு எத்தனை பேர் மனு கொடுத்தார்கள், எத்தனை பேர் தள்ளுபடி என்று விசாரிப்பாள். அப்படியிருக்கையில்தான் ஒரு காலை, நெத்திலிக்கு எதிரே, அது வந்தது.

எல்லாப் படத்திலும் வெறுமை. கடைசிப் படத்தில் மட்டும், சின்னதாக, உருண்டையாக, ஒரு புள்ளி. கறை இல்லை, கோடு இல்லை. அதன் நிறத்தை வைத்துக் கணக்குப் போட்டால், எங்கள் கணக்கெடுப்பில் அதுவரை கண்ட எல்லாவற்றையும் விடத் தொலைவு என்று வந்தது. குழுவில் எல்லோரும் குடைந்து பார்த்தார்கள். யாராலும் தள்ள முடியவில்லை. பெரிய தொலைநோக்கியில் அதற்கென்று நேரமும் கிடைத்தது. அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் அந்த நாள்தான் வாக்கு எண்ணும் நாள். நான் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கையில் நெத்திலியோடு நிமிர்ந்தாள்.

"ஏளா, செயிக்குமா?"

"ஏறக்குறைய செயிச்ச மாதிரிதான்."

இதில் "ஏறக்குறைய" என்பது எங்கள் துறையில் மிகவும் பொறுப்பான சொல். அதற்குள் எத்தனையோ எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. அம்மாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

அம்மாவின் பக்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால், யார் யார் என்ன கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று சாமியார் மைக்கில் வாசிப்பார். இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற, நோயாளி குணமடைய, பரீட்சையில் தேற, இப்படி. கேட்டது கிடைத்துவிட்டால் "நன்றியாக" என்று இன்னொரு பூசை கொடுப்பார்கள். ஊர் வழக்கம் இவ்வளவுதான். அம்மா இதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கேட்பதற்கெல்லாம் பூசை கொடுக்க மாட்டாள். நேராக நன்றிக்குத்தான் கொடுப்பாள், காரியம் நடப்பதற்கு முன்பே. மாதாவுக்கு முகதாட்சண்யம் அதிகம், இத்தனை பேர் முன்னால் நன்றியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கைவிடத் தோன்றாது என்பது அவள் கட்சி. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கும் முந்தின ஞாயிறே நன்றி வாசித்தாயிற்று. கண்ணும் நன்றாகத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவளோடு யார் வாதாட முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் குடும்பப் பெயர் வந்தது. அதன் பிறகு, தங்கள் மகள் விண்வெளியில் மிகத் தொலைவில் உள்ள புதிய பொருளைக் கண்டுபிடித்த நன்மைக்காக மாதாவுக்கு நன்றியாக, என்று வந்தது. சாமியார் அடுத்ததற்குப் போகவில்லை. தாளை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக எங்கள் பக்கம் பார்த்து, நம் பங்குக்கே, இந்தக் கோயிலைச் சேர்ந்த எல்லோருக்குமே, பெருமை என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். கோயில் முழுக்கக் கைதட்டியது. அம்மா குனிந்து ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அடக்கத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

வெளியே வந்தால் வாசலில் அவள் மக்ரூன் பொட்டலத்தோடு நிற்கிறாள். ஆளுக்கொன்று. எங்கள் ஊர் மக்ரூன் வாயில் போட்டதும் கரைந்துவிடும், செய்தி மட்டும் கரையாது. எதிர்வீட்டு அத்தைதான் கோயில் பெண்கள் சபைத் தலைவி. அவளுடைய மகள் குவைத்தில் நர்ஸ். அத்தனை வருடமாக அம்மாவிடம் "ஒன் மக என்ன வேலைன்னு சொன்ன?" என்று புதிதாகக் கேட்பது போலக் கேட்டு வந்தவள். அவளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும், நான் கண்டுபிடித்ததைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

தொலைநோக்கியில் எங்களுக்கு ஒதுக்கிய நாள் வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் மெலிந்துவிடும், அது கத்துவதைவிட மோசம் என்று அப்பா சொல்வார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பார்களா என்று கேட்டேன். அம்மா சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ வயித்துல இருக்கும்போதே ஒனக்குப் பேரு வச்சவதான் நான்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், வலை கரைக்கு வரட்டும், அப்புறம் பேசுங்கள் என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியாததால் நாங்கள் இருவருமே அவரை முறைத்தோம்.

திங்கள், செவ்வாய், புதன் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். பால்காரர் கேட்டார். ரேஷன் கடையில் கேட்டார்கள். அம்மா மீன் வாங்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் கூட ஆயிற்று. தெருமுனையில் அவள் குரல் எனக்கே கேட்டது. முன்பெல்லாம் மகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிச் சொல்கிறவள், இப்போது வெயிலைப் பற்றிக் கேட்டவர்களிடமும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நடையே மாறியிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. புள்ளி பொய்த்துப் போனால் என் பெயருக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் துறையில் வேட்பாளர்கள் தோற்பது அன்றாடம் நடப்பது. ஆனால் அம்மா ஊருக்கு முன்னால், மாதாவுக்கு முன்னால், சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்தேன். மலைமேல் இருந்த குழுத்தோழர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். மேகம் இல்லை, காற்று இல்லை, தொலைநோக்கி திரும்பியாயிற்று. அம்மா அன்றைக்கு நெத்திலி வாங்கவில்லை. எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலையை மேசைக்குக் கீழே வைத்து உருட்டினால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். நன்றிதான் சொல்லியாகிவிட்டதே, இப்போது எதற்கு ஜெபம் என்று கேட்டேன். "சும்மா, பேச்சுக்குத்தான்" என்றாள்.

பிரித்த வெளிச்சம் குவாசருடையது என்றால் வரைபடம் ஓரிடத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக எழும். அதற்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. மத்தியானம் நெருங்கும்போது வந்த வரைபடத்தில் சுவர் இல்லை. பல் விழுந்த சீப்பு மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்தப் பள்ளங்கள் எதனால் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீத்தேன், நீராவி. குவாசரில் அதற்கெல்லாம் இடமில்லை. மலைமேல் இருந்தவர் ஒரு வரி மட்டும் அனுப்பினார். நான் பார்த்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

அது பழுப்புக் குள்ளன். நட்சத்திரமாக ஆகியிருக்க வேண்டியது, எடை போதாமல் பற்றிக்கொள்ளாமலே போனது. ஈர விறகு மாதிரி, சூடு இருக்கும், தீ இருக்காது. வெகுதூரத்தில் இருக்கும் பிரகாசமான குவாசரும், கிட்டத்தில் இருக்கும் இந்த மங்கலான குள்ளனும் படத்தில் ஒன்றுபோலவே சிவந்த புள்ளியாகத் தெரியும். எங்கள் வேலையில் இது தெரிந்த திருடன்தான். தெரிந்தும் பூட்டை உடைத்துவிட்டுப் போய்விடுகிறான். எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எத்தனையோ மாதம் குப்பை பொறுக்கியவளுக்கு ஒன்றாவது தேறக் கூடாதா என்றிருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் கேட்டாள். கிட்டத்தில்தான், நம் வாசலில் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றேன். வானத்துக் கணக்கில் அது உண்மை. அவள் எழுந்து போய்ச் சோறு வடித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நாற்காலியை எனக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒண்ணும் சொல்லாதளா. யாரு அங்கன போயிப் பாத்துட்டு வரப் போறா?"

அப்படிச் சொல்ல முடியாது என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இரு என்றுதான் சொல்கிறேன் என்றாள். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு சும்மா இருப்பதும் பொய்தான் என்றேன். மாதாவுக்குத் தெரியுமே என்று நான் சொன்னதும், மாதா யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று வெடுக்கென்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"கேக்கவங்ககிட்ட சொல்ல எனக்கு ஒண்ணு கெடச்சுது. இத்தன வருசத்துல ஒண்ணே ஒண்ணு. அதையும் நீயே தட்டி வுடணுமாக்கும்?"

நான் கம்ப்யூட்டரை மூடி வைத்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அவ்வளவு எரிச்சலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பூசைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் டீக்காகவாவது இருந்துவிட்டார்கள். பொன்னாடை மேசைமேல் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அம்மா முதல் வரிசை. நல்ல பட்டுச்சேலை. அப்பா அவளுக்குப் பக்கத்தில், புதுக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு. எதிர்வீட்டு அத்தை என்னைப் பற்றிப் பேசி முடித்து, உலகத்துக்கே தெரியாததைக் கண்டுபிடித்தவள் என்று சொல்லி மைக்கைக் கொடுத்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வெகுதூரம் என்று நினைத்தோம், வியாழக்கிழமை பெரிய தொலைநோக்கியில் பார்த்தோம், அது நாங்கள் நினைத்தது இல்லை, கிட்டத்தில் இருக்கும் ஒரு பற்றாத நட்சத்திரம் என்று சொன்னேன். கண்டுபிடித்ததாக இங்கே வாசித்தது தவறு, அதனால் இந்தப் பொன்னாடை எனக்கு உரியதில்லை என்றும் சொன்னேன். அம்மாவின் பக்கம் பார்க்காமலே சொல்லி முடித்தேன். டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு அப்படியே நின்றார்.

எதிர்வீட்டு அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, கிட்டத்தில் என்றால் எவ்வளவு கிட்டத்தில் என்று கேட்டாள். ஏறக்குறைய ஐந்நூறு ஒளியாண்டு, முன்னே பின்னே இருக்கும் என்றேன். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எனவே விளக்கமாகச் சொன்னேன்.

"இப்ப நாங்க படம் புடிச்ச வெளிச்சம் இருக்கே, அது அங்கன இருந்து கெளம்புனது, நம்ம ஆளுக இந்தக் கடக்கரையில ஞானஸ்நானம் வாங்குனாங்கல்லா, சுமாரா அந்தக் காலத்துல."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மன்றம் உயிர் பெற்றுவிட்டது. போர்த்துக்கீசியர் வந்து எங்கள் முன்னோர்கள் மொத்தமாக ஞானஸ்நானம் பெற்ற அந்தக் காலம், எங்கள் ஊரில் எல்லாக் குடும்பத்துக்கும் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. அது ஞானஸ்நானத்துக்கு முன்னால் கிளம்பியதா பின்னால் கிளம்பியதா என்று ஒருவர் எழுந்து கேட்டார். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்றேன். முன்னால்தான் இருக்கும் என்று ஒரு கட்சி, பின்னால்தான் என்று ஒரு கட்சி. அப்போது முத்துக் குளித்தவர்களையெல்லாம் அது பார்த்திருக்குமே என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னாள். வெளிச்சம் எதையும் பார்க்காது, அதுவும் அங்கிருந்து அப்போதுதான் புறப்பட்டது என்று திருத்தத்தான் வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் தேடிய குவாசர் பூமியே இல்லாத காலத்தது. அதைப் பற்றி ஒரு வாரம் முழுக்கக் கைதட்டியவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதைப் பற்றி டீ ஆறும்வரை கேட்டார்கள்.

கடைசியில் பொன்னாடையையும் போர்த்திவிட்டார்கள். வாங்கிய பொன்னாடையைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம்.

வீட்டுக்கு நடந்து வந்தபோது அம்மா எனக்கு ஐந்தாறு அடி முன்னால் போனாள். பொன்னாடை அவள் பையில் இருந்தது. ஊர் எவ்வளவு ரசித்திருந்தாலும், தவறு என்ற சொல் மைக்கில் வந்துவிட்டது. அது அவள் கொடுத்த பூசையைப் பற்றித்தான் வந்தது. அந்த வாரம் அவள் என்னோடு அளந்துதான் பேசினாள். நெத்திலி வந்தது, நான் படங்களைத் திறந்தேன், எதிரெதிரே உட்கார்ந்தோம். வேட்பாளர்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டாளா என்று எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல சேலை உடுத்திக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றாள்.

அந்த ஞாயிறு நாங்கள் வழக்கமான பெஞ்சில் இருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு அத்தை. சாமியார் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தி, குரலைச் சரிசெய்துகொண்டார். எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னார். இரண்டு வாரம் முன்பு இங்கே வாசிக்கப்பட்ட கருத்தில் ஒரு திருத்தம் என்றார். மிகத் தொலைவில் உள்ளது என்று சொன்னது தவறு, அது அருகில் உள்ளது என்று தங்கள் மகள் கண்டறிந்து சொன்ன நன்மைக்காக மாதாவுக்கு நன்றியாக, என்று வாசித்தார். வாசித்துவிட்டு அவரே ஒருமுறை தாளைப் புரட்டிப் பார்த்தார். இந்தத் தடவை கைதட்டச் சொல்லவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். போன தடவை குனிந்திருந்தவள் இப்போது நிமிர்ந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அத்தை அவள் காதருகே சாய்ந்து, நன்றிப் பூசையில் யாராவது திருத்தம் போடுவார்களா என்று முணுமுணுத்தாள். அம்மா தலையைத் திருப்பாமல், மெதுவாக, ஆனால் பின் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என் மக என்ன வேல பாக்கான்னு கேட்டுட்டே இருப்பேல்லா. இதான்."